நீல டேப் சுற்றிய ஒயர்

எல்லா வண்டி எலக்ட்ரீசியன்களும் வேலை முடிந்த பிறகுதான் கை கழுவுவார்கள். அவர் வேலை தொடங்கும் முன்பே கழுவிவிடுவார். ஏற்காட்டுக் குளிரில், வாளித் தண்ணீரில், முழங்கை வரைக்கும். துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்.

“இதுல கடைசியா என் கை எப்பங்க பட்டுச்சு?”

வண்டிக்காரர் யோசித்துச் சொல்வார். போன தை, இல்லை மாசி. சொன்னதும் இவர் கெட்டுப்போன இடத்துக்குப் போக மாட்டார். முன்பு தான் வேலை பார்த்த இடத்தைத்தான் முதலில் அவிழ்ப்பார். விளக்கு எரியவில்லை என்று வந்த வண்டியில், ஹாரனுக்குத் தான் போட்ட ஒயரைப் பிரித்துக்கொண்டிருப்பார். அது சரியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் விளக்குப் பக்கம் போவார்.

தன் வேலைக்கு அடையாளமாக நீல டேப் சுற்றுவார். மற்ற எல்லோரும் கருப்பு டேப். இவர் ஒருவர்தான் நீலம். சேலத்துக்குப் போய் வாங்கி வருவார்.

“விளம்பரமுங்களா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“தப்பு வந்தா எங்கீங்கன்னு தேட வேண்டாமில்லீங்க. நேரா என்னுதுக்கே வந்துரலாம்.”

பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் குப்பனூர்க்காரர். காலையில் முதல் பஸ்ஸில் மலைக்கு வருவார். டவுனில் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் கடை. போர்டு கிடையாது. என் வயதுதான் இருக்கும். என்னைவிடக் குறைவாகப் பேசுவார். அப்படி ஒரு ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஸ்டாண்டில் அவரை வைத்துத்தான் பொழுது போகும். ஒரு டாக்ஸிக்காரர் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டார். ஹாரன் அடிக்கவில்லை. இவர் கை கழுவினார், கேட்டார், ஆறு மாதத்துக்கு முன்பு தான் போட்ட ஒயரை முழுக்க அவிழ்த்தார். மதியம் ஆனது. கடைசியில் பார்த்தால் பியூஸே இல்லை. டாக்ஸிக்காரரே பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஸ்டாண்டே சிரித்தது.

இவர் கோபப்படவில்லை. “பியூஸை மொதல்ல பாத்திருக்கோணும். தப்பு என்னுதுதானுங்க” என்றார். இன்னும் சிரித்தார்கள்.

அவர் மனைவியும் விடமாட்டார். ஒரு நாள் சோற்றுப் போசி கொண்டுவந்தவர் எங்கள் முன்னாலேயே சொன்னார்: “ஊருக்கே கரண்டு போனாலும் இவருதான் ஆபீசுக்குப் போயி, நாந்தானுங்க காரணம்னு சொல்லிட்டு வருவாரு.”

இவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சிரிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தப்பை ஒத்துக்கொள்கிறவனிடம் வண்டியை விட யாருக்கு மனசு வரும்? ஒன்றும் தெரியாதவன் கூட “பார்ட்ஸ் சரியில்லை” என்று சொல்லிப் பிழைத்துக்கொண்டான். இவரிடம் பழைய வண்டிகள்தான் வந்தன. புது எலக்ட்ரீசியன்கள் தொட மறுத்தவை.

எங்கள் வண்டி அப்படி வந்ததுதான்.

நான் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் டிரைவர். இருபத்தாறு வருடமாகிறது. எஸ்டேட் அம்மாவின் மாமனார் வாங்கிய சீமைக் கார் ஒன்று உண்டு. வெளிர்பச்சை. கணவர் போன பிறகு எஸ்டேட்டை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். தோட்டத்துக்குள் போக ஜீப். சேலம் போக, கோயிலுக்குப் போக இந்தக் கார்தான்.

வெயில் காலத்தில் மலை ஏறும்போது அது நின்றுவிடும். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் கொதித்து, பம்ப் இழுக்காது. அதனால் இவர் டிக்கிக்குள், டேங்குக்குப் பக்கத்தில், கரண்டில் ஓடும் பம்ப் ஒன்றை வைத்துக் கொடுத்தார். சாவியைத் திருப்பினால் டிக்டிக்டிக் என்று சத்தம் வரும். பெட்ரோல் நிரம்பியதும் சத்தம் மெதுவாகும். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவினேன். எங்கள் பக்கம் டிரைவர்களுக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிய நாள். டிக்கியின் தரையில் துரு பிடித்திருந்தது. சாமி முன்னால் அப்படி நிறுத்த மனசில்லை. தரையில் ஒயர்கள் மாட்டியிருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, அவற்றை ஒதுக்கி, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கை கருப்புப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் ஸ்க்ரூவை மாட்டினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. சந்தனம், குங்குமம் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “புது வண்டி மாதிரி இருக்கு” என்றார்.

கார்த்திகையில் ஆரம்பித்தது.

சேலத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்புவேன். அடிவாரம் தாண்டும்போது பெட்ரோல் முள் முக்காலில் நிற்கும். எஸ்டேட் வரும்போது காலுக்கும் கீழே. டேங்கின் கழுத்து வளைந்தது. குச்சி விட்டு அளக்க முடியாது. முள் சொல்வதுதான் கணக்கு. அதோடு, ஏற்றத்தில் வண்டியும் நிற்க ஆரம்பித்தது. பதினான்காவது கொண்டை ஊசி, இல்லை பதினாறாவது. மற்ற டிரைவர்கள் சொன்னபடி இன்ஜின் பக்கம் பெட்ரோல் குழாய் மேல் ஈரச் சாக்கைப் போடுவேன். பத்து நிமிடம் கழித்து ஓடும்.

வண்டி நிற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. முள்ளைப் பற்றித்தான் பேசினார்கள்.

“டிரைவரே, பெட்ரோலை வண்டி குடிக்குதா, வேற யாராச்சும் குடிக்கறாங்களா?” என்று கேட்டார் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர். அடுத்த வாரத்திலிருந்து சேலம் போனால் என் பக்கத்து சீட்டில் அவரும் உட்கார்ந்தார். அம்மா அனுப்பியது. ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அவர் இருக்கும்போதும் முள் இறங்கியது. “எறங்கறப்ப வித்துட்டு வர்ற ஆளு, ஏறறப்பவும் விப்பான்” என்று ஆபீசில் சொன்னாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது. ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

என் மனைவி காப்பிக் களத்தில் வேலை செய்தாள். அங்கே பெண்கள் கேட்டிருக்கிறார்கள்: “உங்க ஊட்டுக்காரரு கேனை எங்கீங்க வெக்கறாரு?” அன்றைக்குச் சாயங்காலம் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எடுத்தீங்களா?”

“இல்ல.”

தலையாட்டினாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். திருடன் என்று சொல்லவில்லை. “ஞாயித்துக்கிழமைக்குள்ள முள்ளு நிக்கணும். இல்லேன்னா சாவியைக் குடுத்துடு. வீட்டையும்தான்” என்றார். நாங்கள் இருந்தது எஸ்டேட் லைன் வீடு. வேறு இடம் எங்களுக்கு இல்லை.

மறுநாள் காலை எலக்ட்ரீசியனை எஸ்டேட்டுக்கே கூட்டிவந்தேன். விஷயத்தைச் சொன்னேன். கை கழுவினார்.

“கடைசியா என் கை எப்பங்க பட்டுச்சு?”

“பம்ப் வெச்சதுதானுங்க.”

காருக்குள் காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினார். முன்னாலிருந்து டிக்கி வரைக்கும் அவர் இழுத்த ஒயர். ஒவ்வொரு நீல டேப்பாகப் பிரித்தார். பார்த்தார், சுற்றினார். ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. இவர் தன் முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

“நின்னப்ப என்ன செஞ்சீங்க?”

“ஈரச் சாக்குப் போட்டனுங்க. சரியாயிருச்சு.”

“சாக்குப் போட்டதால சரியாச்சுங்களா, நின்னதால சரியாச்சுங்களா?”

தெரியவில்லை. சாக்குப் போடாமல் நான் நின்று பார்த்ததே இல்லை.

“வெயில்ல நின்னுச்சுங்களா?”

“இல்லீங்க. பனியில. லைட்டுப் போட்டுத்தான் வந்தேன்.”

“பனியில எப்படீங்க பெட்ரோல் கொதிக்கும்?”

மலையில் வண்டி நின்றால் ஈரச் சாக்கு. இருபது கொண்டை ஊசியிலும் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். கை நடுங்கும் பனியிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். அவர் டிக்கி பக்கம் நின்றார்.

“சாவி போடுங்க. முள்ளு எங்க நிக்குது?”

“அரைங்க.”

பம்ப் டிக்டிக் என்றது. சத்தத்தில் உயிர் இல்லை.

“லைட்டுப் போடுங்க.”

“எறங்குதுங்க. கால். காலுக்குக் கீழ.”

“பெட்ரோல் எறங்கிருச்சுங்களா இப்ப?”

வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க முள் விழுந்தது. இரண்டு மாதமாக என்னைத் திருடனாக்கியது அந்த முள்தான்.

சாவியை எடுக்கச் சொன்னார். டிக்கியைத் திறந்தபடி கொஞ்ச நேரம் காற்றாட விட்டார். பெட்ரோல் வாசம் போகட்டும் என்றார். பிறகு பேட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு நீள ஒயரை வண்டிக்கு வெளியே சுற்றிக் கொண்டுவந்து டிக்கி ஸ்க்ரூவில் இருந்த ஒயர்களோடு சேர்த்துக் கட்டினார்.

“இப்பப் போடுங்க. லைட்டும்.”

பம்ப் படபடவென்று அடித்தது. புதிதாக வைத்த அன்று கேட்ட சத்தம். முள் மெதுவாகக் கிளம்பியது. அரை. முக்கால். முக்காலில் நின்றது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முள்ளு எங்கீங்க?” என்று அவரே கேட்டார்.

“முக்காலுங்க.”

கரண்டு போகிற வழி எல்லாம் சரி, திரும்பி வருகிற வழிதான் அடைத்திருக்கிறது என்றார். முள், பம்ப், பின் விளக்கு மூன்றுக்கும் திரும்பும் வழி அந்த ஒரு ஸ்க்ரூதான். பம்ப் வைத்த அன்று அவர்தான் மூன்றையும் அதில் சேர்த்து மாட்டியிருந்தார். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூவை எடுத்தார். அடியில் பளபளவென்று என் கருப்புப் பெயிண்ட். ஸ்க்ரூவுக்கும் தகரத்துக்கும் நடுவில் அதுதான் கரண்டை மறித்திருந்தது. விரலால் தடவினார்.

“பெயிண்ட் யாருங்க அடிச்சது?”

“நாந்தானுங்க. பூஜைக்கு.”

“நொம்ப நல்லா அடிச்சிருக்கீங்க” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னார். ஸ்க்ரூவை என் உள்ளங்கையில் வைத்தார். “கீழ போட்டுறாதீங்க.” உப்புத்தாளை எடுத்துத் தகரம் தெரியும் வரைக்கும் சுரண்டினார்.

அப்போது அம்மாவும் ரைட்டரும் வந்தார்கள்.

“என்னப்பா, கண்டுபிடிச்சியா?” என்றார் அம்மா.

இவர் எழுந்து நின்றார். “பெட்ரோலை யாரும் எடுக்கலீங்கம்மா. முள்ளு பொய் சொல்லிருக்குது. மூணு எர்த்தை ஒரே ஸ்க்ரூவுல மாட்டி வெச்சுட்டேன். தனித்தனியா மாட்டியிருக்கோணும். தப்பு என்னுதுங்க.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். அம்மாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

ஸ்க்ரூ என் கையில் இருந்தது. இறுக்கி மூடியிருந்தேன். ஒரு வார்த்தைதான். அது வரவில்லை. வீடு, களம், “எடுத்தீங்களா” என்று கேட்ட மனைவி, எல்லாம் ஒன்றாக வந்து வாயை அடைத்தது.

அம்மா அவரிடம் சொன்னார்: “உன்னால ரெண்டு மாசமா ஒரு மனுஷனைத் திருடன்னு நெனச்சேன்.” அதுவரை அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. “இனி இந்த வண்டியை நீ தொடவேண்டாம்.”

“இதை முடிச்சுக் குடுத்துட்டுப் போறனுங்கம்மா.”

முடித்தார். மூன்று ஸ்க்ரூ, மூன்று இடம். ஒவ்வொன்றிலும் கிரீஸ் தடவி, நீல டேப் சுற்றினார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்தேன். கடைசியில் கேட்டேன்.

“ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?”

“பொய் ஒண்ணும் சொல்லலீங்களே. தனித்தனியா மாட்டியிருந்தா, நீங்க பெயிண்ட் அடிச்சும் மூணும் ஒண்ணா கெட்டிருக்காது. பாதி என்னுது. அதைச் சொன்னேன்.” பஸ் வருகிறதா என்று பார்த்தார். “மீதியை நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்சம் நின்னேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் சொல்வது போலச் சொன்னார். பஸ் வந்தது. ஏறிப் போனார்.

ரைட்டருக்கு வாய் நிற்காது. அவனே ஒத்துக்கொண்டான் என்று டவுன் முழுக்கச் சொன்னார். ஸ்டாண்டில் பியூஸ் பிடுங்கிச் சிரித்தவர்களே, “அன்னைக்கே தெரியுமே” என்றார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் கொட்டகை காலியானது. குப்பனூரில் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

நான் டிரைவராகவே இருந்தேன். லைன் வீட்டிலேயே இருந்தேன். சேலத்துக்குக் குப்பனூர் வழியாகவும் இறங்கலாம். நான் எப்போதும் அடிவாரம் வழியாகவே போனேன். அம்மா ஏன் என்று கேட்டதில்லை. ஆயுத பூஜைக்கு டிக்கியில் பெயிண்ட் அடிக்கும்போது மூன்று ஸ்க்ரூவைச் சுற்றியும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு விட்டுவிடுவேன். பதினொரு வருடம் அப்படி.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் காரை விலைக்குப் பார்க்க வந்தார். கூட வந்த மெக்கானிக் டிக்கியைத் திறந்து குனிந்தார். “எர்த் வேலை யாரு செஞ்சது? இவ்வளவு சுத்தமா நான் பாத்ததில்ல” என்றார்.

“அவனா?” என்றார் அம்மா. “ஒண்ணும் தெரியாதவன். அவன் கெடுத்ததை அவனே சரி பண்ணினான்.”

நான் சாவியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு வராந்தாவுக்குப் போய்ச் சொன்னேன். நான்கு வாக்கியம் இருக்கும். பெயிண்ட் அடித்தது நான். அவருக்குத் தெரியும். நான் சொல்வேன் என்று நின்றார். நான் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. காரைப் பார்த்தார்.

“இதைச் சொல்லப் பதினொரு வருஷமா?”

“வாய் வரலீங்கம்மா.”

“சாவியை அங்க வெச்சுட்டுப் போ.”

வைத்துவிட்டுப் போனேன். மனைவியிடம் சொன்னேன். அவள், “செரி” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் சாவி அதே இடத்தில் இருந்தது. அம்மா புடவை மாற்றி, செருப்புப் போட்டுத் தயாராக நின்றார். “வண்டியை எடு. குப்பனூர் வழியாப் போ” என்றார்.

எலக்ட்ரீசியன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது. கார் சத்தத்துக்கு நிமிர்ந்து, வண்டியைப் பார்த்தார். பிறகுதான் எங்களை.

அம்மா இறங்கவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கினார். “பம்ப் சத்தம் ஒரு மாதிரி இருக்குதுங்க. கொஞ்சம் பாருங்க” என்றார். அம்மா அவரிடம் ‘ங்க’ போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பம்ப் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும்.

தொட்டித் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கழுவினார். துண்டால் துடைத்தார்.

“கடைசியா என் கை எப்பங்க பட்டுச்சு?”

“பதினொரு வருசமுங்க” என்றேன். “அதுக்கு முன்னால என் கை பட்டுச்சு. அம்மாகிட்டச் சொல்லிட்டனுங்க.”

“தெரியுதுங்க. வண்டி இந்த வழியில வந்திருக்குதே” என்றார்.

டிக்கியைத் திறந்தார். நீல டேப் வெளுத்துப் போயிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நன்றாக இருந்த தன் முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தார். முதல் ஸ்க்ரூவைக் கழற்றித் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை அவர் எதற்கும் நிற்கவில்லை. குனிந்து வேலையைப் பார்த்தார்.